'தார் ரோடு வேண்டாம்!' - சைக்கிள் மிதித்தே சரளைச் சாலைகளைக் காப்பாற்றிய இத்தாலி ஊர்!

'எங்க ஊருக்கு ரோடு போட்டுக் கொடுங்க' என்று கேட்டு மறியல் செய்தவர்களைப் பற்றி நிறைய படித்திருப்போம். 'இருக்கிற சரளை ரோடு அப்படியே இருக்கட்டும். அது மேல தார் ஊத்திடாதீங்க' என்று ஒருவர் கிளம்பினார் என்றால் நம்ப முடிகிறதா?

இத்தாலியில் ஒருவர் அப்படித்தான் கிளம்பினார். அதுவும் கொடி பிடித்து, கோஷம் போட்டு அல்ல. சைக்கிள் மிதித்து!

அவர் பெயர் ஜியான்கார்லோ ப்ரோச்சி. ஊர், டஸ்கனி மாகாணத்தில் இருக்கும் காயோலே இன் கியான்டி. 1997-ல் அவர் கூப்பிட்ட முதல் சைக்கிள் பயணத்துக்கு வந்தவர்கள் 92 பேர். இன்று ஒவ்வோர் அக்டோபரிலும் உலகம் முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் அந்தச் சின்ன ஊருக்கு வந்து குவிகிறார்கள். 'கிராவல் பைக்கிங்' என்று இப்போது உலகமே பேசும் பொழுதுபோக்குக்கு இந்தச் சாலைகள்தான் சொர்க்கம்.

மேடும் பள்ளமுமான குன்றுகள், திராட்சைத் தோட்டங்கள், 900 வருடக் கோட்டைகள், போர் நடந்த மேடுகள், மடாலயங்கள்... எல்லாவற்றையும் இணைப்பது ஒரு வெள்ளை மண் சாலை. அந்தச் சாலை எப்படி வந்தது, எப்படிப் பிழைத்தது, அதில் போனால் என்னென்ன பார்க்கலாம்? வாங்க, ஒரு ரவுண்டு போகலாம்.

வெள்ளைச் சாலையின் கதை

இந்தச் சாலைகளை இத்தாலியர்கள் 'ஸ்த்ராதே பியாங்கே' என்கிறார்கள். 'வெள்ளைச் சாலைகள்' என்று அர்த்தம். சுண்ணாம்புக்கல் சரளை போட்டு இறுக்கிய பாதைகள் என்பதால் வெயிலில் பளீரென்று வெள்ளையாகத் தெரியும்.

இவை சுற்றுலாப் பயணிகளுக்காகப் போட்டவை அல்ல, விவசாயிகளுக்கானவை. டஸ்கனியில் பல நூறு வருடங்களாக 'மெட்ஸாத்ரியா' என்ற முறை இருந்தது. நிலம் பண்ணையாருடையது, உழைப்பு குடியானவருடையது, விளைச்சலில் ஆளுக்குப் பாதி. நம் ஊர் வாரச் சாகுபடி மாதிரி. ஒவ்வொரு குடும்பமும் தான் உழுகிற நிலத்திலேயே, குன்றின் மேல் தனி வீட்டில் குடியிருந்தது. அப்படிச் சிதறிக் கிடந்த வீடுகளை வயலோடும், மாதா கோயிலோடும், சந்தையோடும் இணைத்தவைதான் இந்த வெள்ளைச் சாலைகள். மாட்டு வண்டி போன பாதைகள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. பாதி விளைச்சலில் குடும்பம் நடத்த முடியாமல், இளைஞர்கள் நகரத்துத் தொழிற்சாலைகளுக்குக் கிளம்பினார்கள். 1964-ல் வந்த ஒரு சட்டம், புதிதாக மெட்ஸாத்ரியா ஒப்பந்தம் போடுவதையே தடை செய்தது. குன்றுகளின் மேல் இருந்த வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. ஆள் போகாத சாலை என்ன ஆகும்? ஒன்று, புல் மூடிப் போகும். இல்லையென்றால், கார்களுக்காகத் தார் போடப்படும். வெள்ளைச் சாலைகளுக்கு இரண்டுமே நடந்துகொண்டிருந்தது.

தார் போடச் சொன்னவர்களையும் குறை சொல்ல முடியாது. மண் சாலையோர வீட்டில் வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும். கோடையில் ஒரு கார் போனால், கொடியில் காயும் துணியெல்லாம் வெள்ளை. மழை பெய்தால் சேறு. 'ஊர் முன்னேற வேண்டாமா?' என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால், 'இந்தச் சாலை போனால் இந்த ஊரின் முகமே போய்விடும்' என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். ப்ரோச்சி அந்தப் பக்கம் நின்றார்.

92 பேர், பழைய சைக்கிள், அதிகாலை இருட்டு

அவர் தொடங்கிய பயணத்தின் பெயர் 'எரோயிகா'. 'வீரம் மிக்கது' என்று பொருள். கியர் வசதி குறைவாக, பஞ்சர் ஆனால் தானே ஒட்டிக்கொண்டு, மண் சாலையில் ரேஸ் ஓட்டிய அந்தக் காலத்து வீரர்களுக்கு மரியாதை செய்வது ஒரு நோக்கம். அவர்கள் ஓட்டிய சாலைகளைக் காப்பாற்றுவது இன்னொரு நோக்கம்.

இதன் விதிமுறைகள் சுவாரஸ்யமானவை. 1987-க்கு முன் செய்யப்பட்ட ரேஸ் சைக்கிளில்தான் வர வேண்டும். கியர் மாற்றும் லீவர், சைக்கிளின் சாய்ந்த கம்பியில் இருக்க வேண்டும். பிரேக் வயர் ஹேண்டில்பாருக்கு வெளியே தெரிய வேண்டும். பெடலில் பாதத்தைக் கட்டும் வார் இருக்க வேண்டும். உடையும் பழைய பாணியில் கம்பளி ஜெர்ஸி!

சின்ன ரூட் 46 கி.மீ. பெரிய ரூட் 209 கி.மீ. பெரிய ரூட்டில் போகிறவர்கள், விடியும் முன்பே சைக்கிளில் விளக்கு மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கையில் ஓர் அட்டை இருக்கும். வழியில் இருக்கும் சோதனை மையங்களில் அதில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். யார் முதலில் வந்தார் என்பதற்குப் பரிசு கிடையாது. வந்து சேர்ந்தால் போதும்.

இடையில் சாப்பாடும் உண்டு. எனர்ஜி ஜெல் பாக்கெட் அல்ல. 'ரிபொல்லித்தா' என்ற, காய்கறியும் பழைய ரொட்டியும் சேர்த்துக் காய்ச்சிய டஸ்கனி கிராமத்து சூப்!

இந்தப் பெரிய ரூட், வருடத்தில் ஒரு நாளோடு முடிந்துவிடவில்லை. வழிகாட்டிப் பலகைகள் வைத்து நிரந்தரப் பாதையாகவே ஆக்கிவிட்டார்கள். வருடம் முழுக்க யார் வேண்டுமானாலும், எந்த சைக்கிளிலும், எத்தனை நாள் எடுத்துக்கொண்டும் ஓட்டலாம். கட்டணம் கிடையாது. பாதி தூரத்துக்கு மேல் வெள்ளைச் சாலைதான்.

முதலில், கிராவல் பைக் என்றால் என்ன?

ரேஸ் சைக்கிளுக்கு டயர் மெலிசு. தார் ரோட்டில் பறக்கும், சரளையில் வழுக்கும். மலைச் சைக்கிளுக்கு டயர் தடிமன். பாறையில் ஏறும், சமதளத்தில் பாரமாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் பிறந்த குழந்தைதான் கிராவல் பைக். ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில்பார், சுமார் 40 மி.மீ. அகல டயர், மேடு ஏற இலகுவான கியர், டிஸ்க் பிரேக். தார் ரோட்டிலும் போகலாம், வண்டிப் பாதையிலும் இறங்கலாம்.

கிராவல் சைக்கிளிங்கில் உலக சாம்பியன்ஷிப் போட்டிகூட வந்துவிட்டது. 2022-ல் முதன்முதலாக நடந்த அந்தப் போட்டியும் இத்தாலியில்தான் நடந்தது.

சரி, டயரில் காற்றைச் சரிபார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

கியான்டி: கோட்டையும் கறுப்புச் சேவலும்

காயோலேயிலிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் ப்ரோலியோ கோட்டை. 1141 முதல் ரிகாசோலி குடும்பத்திடம் இருக்கிறது. அந்தக் குடும்பத்தில் வந்த பெத்தினோ ரிகாசோலி, ஒன்றுபட்ட இத்தாலியின் இரண்டாவது பிரதமர். 'இரும்புப் பிரபு' என்று பட்டப்பெயர். கியான்டி வைனுக்கு எந்தெந்தத் திராட்சையை எப்படிச் சேர்க்க வேண்டும் என்று 1872-ல் வகுத்துச் சொன்னவரும் இவர்தான். கோட்டைக்கு ஏறும் வெள்ளைச் சாலையின் இரு பக்கமும் சைப்ரஸ் மரங்கள். எரோயிகா நாளில், விடியாத இருட்டில் இந்த ஏற்றம் முழுக்கச் சின்னச் சின்ன விளக்குகளை ஏற்றி வைத்திருப்பார்கள். கம்பளி ஜெர்ஸிக்காரர்கள் அந்த வெளிச்சத்தில் மூச்சு வாங்கியபடி ஏறுவார்கள்.

இந்தப் பகுதியின் வைன் பாட்டில்களில் ஒரு கறுப்புச் சேவல் படம் இருக்கும். அதற்கு ஒரு நாட்டுப்புறக் கதை சொல்கிறார்கள்.

ஃப்ளாரன்ஸுக்கும் சியெனாவுக்கும் எல்லைத் தகராறு. 'விடியலில் சேவல் கூவியதும் இரண்டு ஊரிலிருந்தும் ஒவ்வொரு குதிரை வீரன் கிளம்பட்டும். சந்திக்கும் இடம்தான் எல்லை' என்று முடிவு. சியெனாக்காரர்கள் தங்கள் சேவலுக்கு நன்றாகத் தீனி போட்டுத் தூங்க வைத்தார்கள். ஃப்ளாரன்ஸ்காரர்கள் ஒரு கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டார்கள். பசி தாங்காத சேவல் பொழுது விடியும் முன்பே கூவிவிட்டது. ஃப்ளாரன்ஸ் வீரன் முன்னதாகவே கிளம்பி, சியெனாவுக்கு 12 கி.மீ. தூரத்தில் இருக்கும் ஃபொன்டெருத்தோலி வரை வந்துவிட்டானாம். கியான்டியில் பெரும்பகுதி ஃப்ளாரன்ஸுக்குப் போனது இப்படித்தான் என்கிறது கதை.

சைக்கிளில் போகும்போது இந்தக் கதை இன்னும் நன்றாகப் புரியும். இந்த மேட்டிலும் பள்ளத்திலும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எவ்வளவு மதிப்பு என்பதைத் தொடை சொல்லிவிடும்!

சியெனா: 700 வருடத்துக்கு முந்தைய 'டிரோன் ஷாட்'

அடுத்தது சியெனா. 1995 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் நகரம். நடுவில் சிப்பி வடிவத்தில் சரிந்திருக்கும் 'பியாஸா தெல் காம்போ' சதுக்கம். செங்கல் பாவிய தரை ஒன்பது பாகங்களாகப் பிரிந்திருக்கும். ஒரு காலத்தில் நகரத்தை ஆண்ட ஒன்பது பேர் சபையின் நினைவு அது. ஒவ்வொரு வருடமும் ஜூலை 2, ஆகஸ்ட் 16 தேதிகளில் இந்தச் சதுக்கத்தின் ஓரமாக மண் கொட்டி, 'பாலியோ' என்ற குதிரைப் பந்தயம் நடத்துகிறார்கள். பேட்டைக்குப் பேட்டை மோதிக்கொள்ளும் திருவிழா.

சதுக்கத்தில் இருக்கும் நகர மாளிகைக்குள் அவசியம் போக வேண்டும். 1338-39-ல் அம்ப்ரோஜியோ லோரென்ஸெத்தி வரைந்த சுவரோவியம் அங்கே இருக்கிறது. 'நல்லாட்சி நடந்தால் நகரமும் நாட்டுப்புறமும் எப்படி இருக்கும்' என்று காட்டும் ஓவியம். நகரத்தின் வாசலைத் தாண்டினால் குன்றுகள், தோட்டங்கள், உழவர்கள், மூட்டை ஏற்றிய கழுதைகள், பயணிகள், வளைந்து போகும் பாதை. மேலே இருந்து டிரோன் பறக்கவிட்டு எடுத்த மாதிரி இருக்கிறது. வானத்தில் ஒரு பெண் பறக்கிறாள். அவள் பெயர் 'பாதுகாப்பு'. பயமில்லாமல் சாலையில் போய்வர முடிகிறதா என்பதுதான் நல்ல ஆட்சிக்கு அடையாளம் என்று 14-ம் நூற்றாண்டிலேயே சுவரில் வரைந்து வைத்திருக்கிறார்கள்.

ஓவியத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து சைக்கிளை எடுத்தால், அதே மாதிரி குன்றுகளுக்கு நடுவேதான் அடுத்த சாலை போகிறது.

க்ரேத்தே செனேசி: களிமண் கடல்

சியெனாவுக்குத் தென்கிழக்கே காட்சி சட்டென்று மாறுகிறது. திராட்சைத் தோட்டம் குறைந்து, சாம்பல் நிறக் களிமண் குன்றுகள் அலை அலையாக வருகின்றன. இந்தப் பகுதி 25 லட்சம் வருடங்களுக்கும் முன்பு கடலடியாக இருந்தது. ஏப்ரலில் வந்தால் கோதுமைப் பயிரில் பச்சைப் பசேல். அறுவடை முடிந்து, உழவும் முடிந்த பிறகு வந்தால், நிலா மேல் சைக்கிள் ஓட்டுவது போல இருக்கும்.

வடக்கே காஸ்டெல்நுவோவோ பெரார்தெங்கா அருகில் மொன்டாபெர்த்தி மேடு இருக்கிறது. 1260, செப்டம்பர் 4 அன்று சியெனா, தன்னைவிடப் பெரிய ஃப்ளாரன்ஸ் படையை இங்கேதான் தோற்கடித்தது. இந்தப் போரைத் தாந்தே தன் 'டிவைன் காமெடி'யில் குறிப்பிட்டிருக்கிறார். இப்போது அங்கே சைப்ரஸ் மரங்களும் சின்னப் பிரமிடு வடிவ நினைவுச் சின்னமும் மட்டும் இருக்கின்றன.

அசியானோ ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் 'மோன்டே சான்டே மாரியே' சாலை, கிராவல் ரசிகர்களுக்குப் புனித யாத்திரைத் தலம் மாதிரி. 11.5 கி.மீ. நீளம், செங்குத்தான ஏற்ற இறக்கம், நிழலே இல்லை. அசியானோவுக்குத் தெற்கே, மோன்டே ஒலிவேத்தோ மஜ்ஜோரே மடாலயம் வரும். 1313-ல், பெர்னார்தோ தொலோமேயி என்ற சியெனா பிரபு, வசதிகளைத் துறந்து வந்து தொடங்கியது. உள் முற்றத்தின் சுவர் முழுக்க, புனித பெனடிக்ட்டின் வாழ்க்கையை லூகா சின்யோரெல்லியும் சொதோமாவும் வரைந்திருக்கிறார்கள். வெயிலில் வந்தவர்களுக்கு அந்த முற்றத்தின் குளிர்ச்சியே பாதி வரம்.

மொன்டால்சினோ, வால் தோர்ச்சா: யாத்ரீகர் பாதை

தெற்கே பொன்கொன்வென்த்தோ. மதில் சூழ்ந்த சின்ன ஊர். புனித ரோமானியப் பேரரசர் ஏழாம் ஹென்றி 1313-ல் இறந்தது இங்கேதான். அங்கிருந்து ஏறினால் 564 மீட்டர் உயரத்தில் மொன்டால்சினோ. 1555-ல் சியெனா வீழ்ந்தபோது, தோல்வியை ஒப்புக்கொள்ளாதவர்கள் இந்த ஊருக்கு வந்து, தங்கள் குடியரசை 1559 வரை இழுத்துப் பிடித்திருந்தார்கள். 1361-ல் கட்டத் தொடங்கிய கோட்டை இன்னும் நிமிர்ந்து நிற்கிறது.

அதற்கு அடுத்தது வால் தோர்ச்சா பள்ளத்தாக்கு. காலண்டரிலும் மொபைல் வால்பேப்பரிலும் பார்க்கும் 'டஸ்கனி' பெரும்பாலும் இதுதான். 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இதன் வழியாகத்தான் இங்கிலாந்தின் கேன்டர்பரியிலிருந்து ரோம் நகருக்குப் போகும் பழைய யாத்ரீகர் பாதையான 'வியா ஃப்ராஞ்சிஜேனா' போகிறது. கேன்டர்பரி பேராயர் சிகெரிக், 990 வாக்கில் ரோமிலிருந்து திரும்பும்போது தங்கிய ஊர்களைக் குறித்து வைத்தார். அந்தப் பட்டியலில் சான் குவிரிகோ, டோரெனியேரி, சியெனா எல்லாமே இருக்கின்றன. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய 'டிராவல் லாக்'!

பக்கத்தில் இருக்கும் பியென்ஸாவைத் தவறவிடக் கூடாது. இங்கே பிறந்தவர் போப் இரண்டாம் பயஸ் ஆனதும், சொந்த ஊரை 1459-ல் புதிதாகக் கட்டத் தொடங்கி, தன் பெயரையே வைத்துவிட்டார்.

சேறு, குதிரை, உலக சாம்பியன்கள்

எரோயிகா பிரபலமானதும் தொழில்முறை ரேஸும் இந்தச் சாலைகளுக்கு வந்தது. 2007-ல் தொடங்கிய அந்த ரேஸுக்கு இப்போது பெயரே 'ஸ்த்ராதே பியாங்கே'. மார்ச் மாதம் நடக்கும். கடைசியில் சியெனாவின் சான்டா கத்தெரினா தெருவின் 16 சதவிகித ஏற்றத்தில் ஏறி, காம்போ சதுக்கத்தில் முடியும். ஃபேபியன் கான்செல்லாரா மூன்று முறை வென்றதால், மோன்டே சான்டே மாரியே சாலையை அவருக்கே அர்ப்பணித்தார்கள். ததேய் போகச்சார் 2024-ல் கடைசி 81 கி.மீ. தூரத்தைத் தனியாளாக ஓட்டி வென்றார். 2025-ல் கீழே விழுந்து, ஜெர்ஸி கிழிந்து, ரத்தக் காயத்தோடு மறுபடி வென்றார்.

பெண்களுக்கான ரேஸ் 2015 முதல் நடக்கிறது. 2023-ல் டெமி வொல்லெரிங் வேகமாக வந்துகொண்டிருந்தபோது, எங்கிருந்தோ ஓடி வந்த ஒரு குதிரை அவருக்கு முன்னால் சாலையில் பாய்ந்து ஓட ஆரம்பித்தது! வேகத்தைக் குறைத்துச் சமாளித்து, கடைசியில் தன் சக அணி வீராங்கனை லோட்டே கொபெக்கியை மயிரிழையில் முந்தி வென்றார்.

2010-ல் 'ஜிரோ தி இத்தாலியா' ரேஸும் மொன்டால்சினோவுக்கு இந்தச் சாலைகள் வழியாக வந்தது. அன்று கொட்டிய மழையில் வெள்ளைச் சாலை சேற்றுக் குழம்பானது. ஜெயித்த கேடல் எவன்ஸ், உலக சாம்பியனின் வானவில் ஜெர்ஸி போட்டிருந்தார். ஆனால், சேற்றில் அந்த நிறங்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

போகிறவர்கள் கவனத்துக்கு...

* ஏப்ரல் முதல் ஜூன் ஆரம்பம் வரையும், செப்டம்பர், அக்டோபரும் நல்ல சீசன். ஜூலை, ஆகஸ்ட்டில் வெயில் வாட்டிவிடும்.

* இந்தியாவிலிருந்து போக ஷெங்கன் விசா தேவை. ஃப்ளாரன்ஸிலிருந்து சியெனாவுக்கு ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். அசியானோ, பொன்கொன்வென்த்தோவிலும் ரயில் நிலையம் உண்டு. எனவே, முழு ரூட்டையும் ஓட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. துண்டு துண்டாகவும் ஓட்டலாம்.

* சைக்கிள் கொண்டு போக வேண்டாம். வாடகைக்குக் கிடைக்கும். 209 கி.மீ. ரூட்டில் மொத்த ஏற்றம் மட்டும் 3,500 மீட்டருக்கு மேல். பழக்கமில்லாதவர்கள் மூன்று, நான்கு நாளாகப் பிரித்துக்கொள்வது நல்லது. பெற்றோரோடு போகிறவர்கள் மோட்டார் உதவியுள்ள இ-பைக் எடுக்கலாம்.

* இறக்கத்தில் வளைவு வரும் முன்பே பிரேக் பிடியுங்கள். வளைவுக்குள் பிடித்தால் சரளை வாரிவிடும். முன் பிரேக்கை மட்டும் அழுத்தவே கூடாது. ஹெல்மெட் கட்டாயம் போடுங்கள்.

* தண்ணீர் இரண்டு பாட்டில், பஞ்சர் கிட், ஒரு மாற்று டியூப் இல்லாமல் வெள்ளைச் சாலையில் இறங்காதீர்கள். அடுத்த கடை குன்றுக்கு அந்தப் பக்கம் இருக்கலாம்!

* வீடுகளைக் கடக்கும்போது வேகத்தைக் குறையுங்கள். டிராக்டருக்கு வழிவிடுங்கள். செல்ஃபிக்காகத் திராட்சைத் தோட்டத்துக்குள் நுழையாதீர்கள். அது யாரோ ஒருவரின் வயல்.

யாருடைய சாலை?

கடைசியாகச் சொன்ன விஷயம்தான் இந்தக் கதையின் மையம். வெள்ளைச் சாலைகள் மியூசியப் பொருள் அல்ல. அதன் ஓரத்தில் இன்னும் மனிதர்கள் வாழ்கிறார்கள். தூசியும் சேறும் அவர்களுக்கு இன்றும் இருக்கின்றன. மழைக்குப் பிறகு சரளையை நிரவி, குழிகளை மூட ஊராட்சிகள் திரும்பத் திரும்பச் செலவு செய்ய வேண்டும். தார் போட்டுவிட்டால் இந்தத் தலைவலி குறையும்.

ஆனாலும் சாலைகள் நிற்கின்றன என்றால், அவற்றால் பிழைப்பும் வருகிறது என்பதால்தான். பூட்டிக் கிடந்த பண்ணை வீடுகள் பலவும் இன்று பயணிகள் தங்கும் விடுதிகள். காலையில் சைக்கிளில் கிளம்புகிறவர்கள் மதியம் ஏதோ ஒரு கிராமத்தில் சாப்பிடுகிறார்கள், மாலையில் இன்னொரு கிராமத்தில் தங்குகிறார்கள். காரில் வந்தால் ஒரே மணி நேரத்தில் தாண்டிப் போகிற இடங்கள் இவை. சைக்கிள் மெதுவாகப் போவதால்தான் சேவல் கதைக்கும், சின்னப் பிரமிடுக்கும், மடாலய முற்றத்துக்கும் நின்று பார்க்க ஆள் கிடைக்கிறது.

ஒரு சாலையைக் காப்பாற்ற சட்டம் வேண்டும், பணம் வேண்டும், போராட்டம் வேண்டும் என்றெல்லாம் சொல்வோம். ப்ரோச்சி செய்தது அதைவிட எளிமையான வேலை. அந்தச் சாலையில் போக ஆட்களைக் கூட்டி வந்தார். 92 பேர் வந்தார்கள். அடுத்த வருடமும் வந்தார்கள். ஜப்பான், பிரிட்டன், ஸ்பெயின், அமெரிக்கா என எரோயிகா பல நாடுகளுக்கும் பரவியது.

ஆள் நடமாட்டம் இருக்கும்வரை எந்தப் பாதையும் சாகாது. காயோலேயில் இந்த அக்டோபரிலும் விடியும் முன்பே சைக்கிள் மணிகள் ஒலிக்கும்!